அடோபி: தமிழில் பச்சைக்கல்

மண் வீடு கட்டக் கற்றுத்தரும் பயிற்சி அறிவிப்புகளில் 'அடோபி' என்ற சொல் அடிக்கடி வருகிறது. மண்ணால் கட்டிய எதுவும் அடோபி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அச்சில் வார்த்து, சூளையில் வைக்காமல், வெயிலில் மட்டும் காயவைத்த கல்தான் அடோபி. பலகைகளுக்கு நடுவே ஈரமண்ணைக் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து எழுப்பும் சுவர் வேறு. பிசைந்த மண்ணைக் கையாலேயே படைபடையாக வைத்து ஏற்றும் சுவரும் வேறு.

சொல் நெடுந்தூரம் நடந்து வந்தது. பண்டை எகிப்தியச் சொல்லொன்று, அந்த மொழியின் பிற்கால வடிவமான கோப்டிக்கில் 'தோபே' ஆகி, அரபியில் 'தூப்' ஆனது. பொருள் செங்கல். ஆங்கில 'the' போன்ற 'அல்' முன்னால் சேர, 'அத்தூப்'. அரபு ஆட்சி நடந்த ஸ்பெயினில் அது 'அடோபே' ஆயிற்று. ஸ்பானியர் அதை அமெரிக்கக் கண்டத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் பெருவின் சான் சான் நகரம் அவர்கள் வருமுன்பே இந்தக் கல்லால் எழுந்து நின்றது. 1986 முதல் அது யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம்.

தமிழில் 'சுடாத செங்கல்' என்று எழுதுகிறார்கள். சுட்டால்தானே கல் சிவக்கும்? சுடாததைச் செங்கல் என்பது எனக்கு ஒப்பவில்லை. சூளையில் கல் அறுப்பவர்கள் சுடுவதற்கு முந்தைய கல்லைப் பச்சைக்கல் என்கிறார்கள். இங்கே பச்சை நிறமல்ல, வேகாத தன்மை. சுடாத மண்பாத்திரத்தைக் குறள் 660 'பசுமண் கலம்' என்கிறது, அதே வேர்தான். ஆகவே பச்சைக்கல் என்றே சொல்வோம்.

இந்தப் பயிற்சியை 'ஒர்க்‌ஷாப்' என்று விடாமல் செய்முறைப் பயிற்சி எனலாம். காலும் கையும் சேறாகும் வேலை அது. முதலில் கண்ணாடிப் புட்டியில் மண்ணையும் நீரையும் குலுக்கி வைப்பார்கள். மணல் உடனே அடியில் படியும், மேலே வண்டல், களி கடைசியில். களி மிகுந்தால் கல் காயும்போது வெடிக்கும். குறைந்தால் விரல் பட்டாலே உதிரும். அளவு பார்த்து மணலோ களியோ சேர்த்து, வைக்கோல் தூவி மிதித்து, அச்சில் அடைத்து, உடனே அச்சை உருவிவிட வேண்டும். ஓரளவு இறுகியதும் கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தால்தான் அடிப்பக்கமும் காயும். மழை படக்கூடாது: நனைந்த பச்சைக்கல் திரும்பவும் சேறுதான். அதனால்தான் கருங்கல் அடித்தளமும் அகன்ற கூரை இறக்கமும் இல்லாமல் இந்தச் சுவரை எழுப்புவதில்லை.