திரைக்காட்சி வேண்டாம், திரைப்பிடிப்பு போதும்

"பிழை வந்தால் அதன் திரைக்காட்சியை எடுத்து இணைக்கவும்." ஒரு செயலியின் உதவிக் குறிப்பில் இதை மறுபடியும் படித்தேன். ஸ்கிரீன்ஷாட்டைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கணினியைத் திறந்ததும் கண்ணில் படுவது எல்லாமே திரைக்காட்சிதானே? அதை எங்கிருந்து எடுப்பது?

ஸ்கிரீன் என்றால் திரை. ஷாட் என்பது சுடுவதைக் குறிக்கும் ஷூட்டிலிருந்து வந்து, கேமராவில் எடுத்த படத்துக்கும் பெயரானது. ஒரு காலத்தில் கணினித் திரைக்கு எதிரே நிஜமாகவே கேமராவை வைத்துத்தான் படம் எடுத்தார்கள். சொல்லின் கதை இவ்வளவுதான்.

காட்சி என்பது கண்ணுக்குத் தெரிவது; அடுத்த நொடியே மாறிவிடும். ஸ்கிரீன்ஷாட் அந்த ஒரு நொடியைப் பிடித்து வைத்த படம். இந்த வேறுபாட்டை மறைக்கிற சொல் எப்படிச் சரியாகும்? போதாததற்கு டிஸ்ப்ளேக்கும் காட்சி என்றே எழுதுகிறார்கள். "காட்சி அமைப்பை மாற்றி, திரைக்காட்சியை எடுத்து அனுப்பவும்" என்று எழுதினால் படிப்பவர் எதைத் தொடுவார்? சினிமா அரங்கில் படம் காட்டுவதும் நினைவுக்கு வரும்.

நேராகப் பார்த்தால் 'திரைப்படம்' என்பதே பொருத்தம்: திரையின் படம். அதைச் சினிமா எடுத்துக்கொண்டுவிட்டது, இனி கேட்டுப் பயனில்லை. ஆனால் அதே சினிமா நமக்கு வேறொன்றைத் தந்திருக்கிறது. ஷூட்டிங்கைப் படப்பிடிப்பு என்கிறோம், படம் பிடித்தான் என்கிறோம். கேமராவுக்குத் தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கும் வினை 'பிடி'. ஆகவே திரைப்பிடிப்பு. புழக்கத்திலும் இருக்கிறது, புதிதாக யாரும் உருவாக்க வேண்டியதில்லை.

பிடிப்பு என்பது செயலைத்தானே குறிக்கும், கிடைத்த படத்தைக் குறிக்குமா என்பார்கள். பதிப்பு என்பது பதிப்பிக்கும் வேலையையும் சொல்கிறது, கையில் இருக்கும் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பையும் சொல்கிறது. தொகுப்பும் அப்படியே. திரைப்பிடிப்புக்கு மட்டும் ஏன் தடை? வினையாக்குவதும் எளிது: திரையைப் பிடி, சாளரத்தை மட்டும் பிடி.

செய்முறை எழுதும்போது இதன் அருமை தெரியும். மேக்கில் கமாண்ட், ஷிப்ட், 3 சேர்த்து அழுத்தினால் முழுத் திரையும் பிடிபடும். 3க்குப் பதில் 4 என்றால் நாம் இழுத்துக் காட்டும் பகுதி மட்டும். படம் வழக்கமாக டெஸ்க்டாப்பில் கோப்பாக வந்து உட்காரும். பழைய விண்டோஸில் பிரிண்ட் ஸ்கிரீன் விசை படத்தை, நகலெடுத்ததைத் தற்காலிகமாக வைக்கும் கிளிப்போர்டில் மட்டுமே வைக்கும். பெயின்ட் என்ற வரைகலைச் செயலியில் ஒட்டிச் சேமிக்காவிட்டால் போய்விடும். விண்டோஸ் 8 முதல் விண்டோஸ் விசையோடு அதை அழுத்தினால் கோப்பாகவே சேமிக்கிறது. பிடிப்பது வேறு, சேமிப்பது வேறு. 'திரைக்காட்சி எடு' என்பதில் இந்த இரண்டும் குழம்பிப்போகின்றன.

பிரிண்ட் ஸ்கிரீன் விசைக்கு 'அச்சுத்திரை' என்று பெயர் வைத்திருப்பவர்களும் உண்டு. தமிழ்ப்படுத்தும் ஆர்வம் நல்லதுதான், ஆனால் சொல்லை முன்பின்னாக ஒட்டினால் மொழிபெயர்ப்பு ஆகாது. பிரிண்ட் ஸ்கிரீன் என்பது கட்டளை: திரையை அச்சிடு. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளக் காலத்தில் ஷிப்டோடு அழுத்தினால், திரையில் இருந்த எழுத்துகள் நேரே பிரிண்டருக்கே போயின. அச்சுத்திரை என்றால் துணியில் அச்சடிக்கும் திரைதான் எனக்குத் தோன்றுகிறது. அதைவிட, விசைப்பலகையில் அந்தப் பெயரே கிடையாது. படிக்கிற அம்மா ஒவ்வொரு விசையாகத் தேடிக்கொண்டிருப்பார். விசையின் மேல் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை அப்படியே எழுதுங்கள். என்ன செய்கிறது என்பதைத் தமிழில் சொல்லுங்கள்.

பேசும்போது ஸ்கிரீன்ஷாட் என்றே சொல்லலாம், யாருக்கும் குழப்பமில்லை. தமிழில் எழுதுவதென்றால் திரைப்பிடிப்பு என்று எழுதுங்கள். இரண்டும் வேண்டாம் என்றால் 'திரையில் தெரிவதைப் படம் பிடித்து அனுப்பவும்' என்றாலே போதும், கூடுதலாக இரண்டு சொல்தான்.