ஜீவாமிர்தம் உரம் அல்ல: இயற்கை வேளாண்மைக்கு மாறுவோர் கவனத்துக்கு

"நாலு தடவை ஜீவாமிர்தம் விட்டாச்சு, பயிர் தெளியவே இல்லையே?" சம்பா நட்டு 25 நாள் தாண்டினால் போதும், இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடுகிறது. போய்ப் பார்த்தால் தூர் கட்டாத பயிர், நுனியிலிருந்து மஞ்சளாகி வரும் அடியிலைகள். போன போகம் வரை மூட்டை மூட்டையாக யூரியா கண்ட மண் அது. இந்தப் போகம் அதற்குக் கிடைத்தது சாணமும் கோமியமும் கலந்து பீப்பாயில் ஊறவைத்த அந்த ஜீவாமிர்தக் கரைசல் மட்டும். வேறென்ன நடக்கும்?

கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் ஜீவாமிர்தம்: சாணம் 10 கிலோ, கோமியம் 10 லிட்டர், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி வரப்பு மண். இத்தனையிலும் உள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) கூட்டினால் கால் கிலோ தேறினாலே அதிகம். நாலு தடவைக்கு ஒரு கிலோ. ஒரு டன் நெல் விளையப் பயிர் எடுத்துக்கொள்வதோ 15 முதல் 20 கிலோ. ஏக்கருக்கு 2 டன் எதிர்பார்ப்பவர் 30, 40 கிலோவுக்கு வழி செய்தாக வேண்டும். ஜீவாமிர்தம் நுண்ணுயிர்களைப் பெருக்கும். அவை மண்ணிலுள்ள மட்கை உடைத்துப் பயிருக்குக் கொடுக்கும். அந்த மட்கின் அளவைக் காட்டும் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்கும் கீழே இருக்கும் மண்ணில் உடைக்க என்ன இருக்கிறது? சமையல்காரரை அனுப்பிவிட்டு அரிசி அனுப்ப மறந்தது போலத்தான். சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துச் செய்யும் பஞ்சகவ்யமும் வளர்ச்சி ஊக்கியே தவிர உரமில்லை. 100 லிட்டர் தண்ணீருக்கு 3 லிட்டர், துணியில் வடிகட்டித் தெளித்தால் போதும். "இயற்கைதானே" என்று கூட்டி அடித்தால் இலை கருகும்.

அப்படியானால் தழைச்சத்து எங்கிருந்து வரும்? முதலில், வளர்த்து மண்ணிலேயே மடக்கி உழும் பசுந்தாள் உரப்பயிரான தக்கைப்பூண்டு. ஏக்கருக்கு 20 கிலோ விதை. ஆடியில் விதைத்தால் புரட்டாசி நடவுக்குக் கணக்குச் சரியாக வரும். பூவெடுக்கும் நேரத்தில், 45 நாள் வாக்கில், மடக்கி உழுங்கள். அதற்கு மேல் விட்டால் தண்டு நார்த்தட்டி மட்காது. நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 30 கிலோ வரை தழைச்சத்து கொடுக்கும். தயவுசெய்து மடக்கிய மறுநாளே நடாதீர்கள், ஒரு வாரம் பத்து நாள் அழுக விடுங்கள். அவசரப்பட்ட வயலில் கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழ் கிளம்பும், அழுகிய முட்டை நாற்றம் வரும். ஒரு குத்தைப் பிடுங்கினால் வேர் கறுத்திருக்கும். அந்த நிலையில் மேலே எதை ஊற்றியும் பயனில்லை. தண்ணீரை வடித்து, மண்ணில் மயிர்வெடிப்பு விழும்வரை காயவிட்டுப் பிறகு மறுபடி தண்ணீர் கட்டுங்கள்.

அடுத்தது தொழுவுரம், ஏக்கருக்கு 5 டன். அதில் 25 கிலோ தழைச்சத்து இருந்தாலும் முதல் போகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குக் கிடைக்கும். மீதி அடுத்தடுத்த போகங்களுக்கு. முதல் ஆண்டு மகசூல் குறைவதற்கும், போகப் போக மண் தேறுவதற்கும் காரணம் இதுதான்.

தொழுவுரம் என்றால் மட்கிய உரம். பச்சைச் சாணத்தை டிராக்டரில் கொண்டுவந்து கொட்டுவதை எப்போது நிறுத்தப் போகிறோம்? கூடவே களை விதையும் வேர்ப்புழுவும் வரும், மானாவாரியில் கரையானும் சேரும். ஒரு கை அள்ளிப் பிழியுங்கள். மண்வாசம் வர வேண்டும், சூடு இருக்கக் கூடாது, சாணமும் கூளமும் அடையாளம் தெரியக் கூடாது. குப்பைமேட்டை வெட்டும்போது பிறைபோல வளைந்த கொழுத்த வெள்ளைப்புழு கிடந்தால், அது பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் புழு. பொறுக்கி அழியுங்கள், அந்தப் புழுவைக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணத்தைக் குப்பையில் கலந்துவிடுங்கள். விட்டுவைத்தால் வண்டாகி, அடுத்து தென்னங்குருத்துக்குத்தான் போகும்.

பூச்சிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். 5 கிலோ வேப்பம்பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பால்போல வரும்வரை கலக்கி, இரண்டு முறை வடித்து 100 லிட்டராக்குங்கள். ஒட்டுவதற்குச் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடியுங்கள். எட்டு மாதத்துக்கு மேல் பழசான கொட்டையில் வீரியம் இருக்காது. பூச்சிக்கு அடிக்கும் புகையிலைக் கரைசலை வெறுங்கையால் கலக்குவதைக் கண்டால் பதறுகிறது. நிகோட்டின் தோல் வழியாகவே உடம்பில் ஏறும். செடியிலிருந்து வந்தாலும் விஷம் விஷம்தான்.

2021-ல் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்தார்கள். மே மாதம் வந்த தடையை நவம்பரிலேயே விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. இயற்கை வேளாண்மை தோற்றதாக அதைச் சொல்வது தவறு. மாற்றுச் சத்தைத் தயார் செய்யாமல் மாறியதுதான் தோற்றது.

கடன் வாங்கிப் பயிர் வைப்பவர்கள் முதல் ஆண்டே மொத்த நிலத்தையும் மாற்ற வேண்டாம். மண் பரிசோதனை செய்துவிட்டுக் கால் பங்கில் தொடங்குங்கள். அதற்கு மேட்டு வயலைத் தேர்ந்தெடுங்கள். பள்ளத்து வயலானால் பக்கத்து நிலத்தின் உரத்தண்ணீரும் மருந்துத்தண்ணீரும் வந்து சேரும், இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் வாங்கும்போது சிக்கலாகும்.