பரிணாமம்: ஒரு சொல்லும் அதன் இரண்டு வால்களும்

'மனிதனின் பரிமாண வளர்ச்சி' என்று அச்சில் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பரிமாணம் என்றால் அளவு. நீளம், அகலம், உயரம் என்பவை பரிமாணங்கள். டார்வினோடு சேர்த்துப் பேசவேண்டியது பரிணாமம். 'ண'வும் 'ம'வும் இடம் மாறியதும், உயிரினம் மாறுவதற்குப் பதிலாகப் பலூன்போல் ஊதத் தொடங்கிவிடுகிறது.

இது எழுத்துப்பிழை, திருத்திவிடலாம். ஓர் எழுத்தும் பிழையில்லாத 'பரிணாம வளர்ச்சிக் கொள்கை'தான் எனக்குப் பெரிய தொல்லை. பரிணாமத்தின் பின்னால் தொங்கும் வளர்ச்சி, கொள்கை என்ற இரண்டு வால்களும் படிப்பவரை ஆளுக்கொரு பக்கம் இழுத்துப்போகின்றன.

முதலில் தலையைப் பார்ப்போம். பரிணாமம் வடசொல். மாறுதல், கனிதல், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலையை அடைதல் என்பது பொருள். பழைய இந்தியத் தத்துவ மரபுகளில் ஒன்றான சாங்கியத்தில் இது முக்கியமான கலைச்சொல். அங்கே வழக்கமாகச் சொல்லும் உவமை பால் தயிராவது. இந்தியில் 'பரிணாம்' என்றால் முடிவு, தேர்வு முடிவு உட்பட. அங்கே உயிரியல் பாடத்தில் இருப்பது 'விகாஸ்', அதாவது வளர்ச்சி. ஆக அந்த வால் நமக்கு மட்டும் முளைத்ததல்ல.

ஆங்கிலச் சொல்லான 'எவல்யூஷன்' நேர்வழியில் வந்ததா என்றால், அதுவும் இல்லை. லத்தீன் மூலத்துக்குச் சுருட்டியதை விரித்தல் என்று பொருள். ரோமானியர்கள் சுருள் நூலை விரித்துப் படித்ததைக் குறித்தது. 18ஆம் நூற்றாண்டில், கருவுக்குள் முழு உடலும் குட்டியாக மடிந்திருக்கிறது, அதுவே பிறகு விரிகிறது என்று நம்பியவர்கள் இச்சொல்லைப் பயன்படுத்தினார்கள். முன்பே எழுதிவைத்தது விரிகிறது என்ற வாடை அதில் ஒட்டிக்கொண்டது. டார்வின் 1859இல் வெளியிட்ட 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இந்தப் பெயர்ச்சொல்லே கிடையாது. 'மாற்றங்களோடு வழிவழியாக வருதல்' என்ற பொருளில்தான் எழுதினார். வினைவடிவம் ஒரே ஒருமுறை, நூலின் கடைசிச் சொல்லாக வருகிறது. பெயர்ச்சொல் 1872ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பில்தான் நுழைந்தது.

வளர்ச்சி என்ற வால் ஏன் பொருந்தாது என்பதற்கு ஒரு குருவி போதும். பசிபிக் பெருங்கடலின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்றொரு குட்டித் தீவு. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதியர் 1973இலிருந்து அங்கே குருவிகளைப் பிடித்து, கால்வளையம் மாட்டி, அலகை அளந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சிறு விதைகள் தீர்ந்தபின் மிஞ்சியவற்றில் முக்கியமானது நம் ஊர் நெருஞ்சியின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் காய். செருப்பில்லாமல் தரிசில் நடந்தவர்களுக்கு அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தடித்த அலகு அதை உடைத்தது, மெல்லிய அலகு தோற்றது. ஏறத்தாழ 1,200 ஆக இருந்த 'நடுத்தர நிலக் குருவி' என்ற இனப் பறவைகளில் 180 போலத்தான் பிழைத்தன. பிழைத்தவற்றின் சராசரி அலகுத் தடிமன் பழைய சராசரியைவிட ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடுதல். அடுத்த ஆண்டு பிறந்த குஞ்சுகளும் தடித்த அலகோடு வந்தன.

இங்கே எந்தக் குருவிக்கும் அலகு வளரவில்லை. மெல்லிய அலகுக் குருவிகள் செத்தன, அவ்வளவுதான். மாறியது கூட்டத்தின் சராசரி. பால் தயிராகும் உவமையும் இந்த இடத்தில் திரிந்துபோகிறது. பானையில் இருப்பது ஒரே பால், தீவில் இருந்ததோ ஆயிரத்துச் சொச்சம் குருவிகள். 1983இல் பெருமழை கொட்டிச் சிறு விதைகள் மலிந்தபின், பிழைப்பு சிறிய அலகுக்காரர்கள் பக்கம் சாய்ந்தது. அதை வளர்ச்சி என்பதா, தேய்வு என்பதா?

வளையம் மாட்டி அளந்த இந்த மாற்றம், பார்த்தறிந்த செய்தி. உண்மை என்ற சொல்லைப் பிரித்தால் உள்+மை, உள்ள தன்மை. அந்தப் பொருளில் பரிணாமம் உண்மை: உயிர்க்கூட்டங்கள் தலைமுறை தலைமுறையாக மாறுகின்றன, இன்றிருக்கும் உயிர்கள் பழைய மூதாதையரிடமிருந்து கிளைத்தவை. பின்னதைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் புதைபடிவம், உடலமைப்பு, மரபணு என்று எங்கிருந்து கணக்குப் போட்டாலும் அதே கிளைப்படம் திரும்பத் திரும்ப வருகிறது.

அப்படியானால் இரண்டாவது வால்? கொள்கை என்றதும் நமக்குக் கட்சிக் கொள்கை, இடஒதுக்கீட்டுக் கொள்கை, மதுவிலக்குக் கொள்கைதான் நினைவுக்கு வருகின்றன. பிடித்தால் ஏற்கலாம், பிடிக்காவிட்டால் கட்சி மாறலாம். 'அது டார்வினின் கொள்கை, எனக்கு வேறு கொள்கை' என்று ஒருவர் சொன்னால் தமிழ் இலக்கணப்படி அதில் குற்றமில்லை! கருதுகோள், கொள்கை, கோட்பாடு மூன்றும் 'கொள்' என்ற ஒரே வேரில் பிறந்தவைதாம். ஆனால் வழக்கில் மூன்றும் பிரிந்துவிட்டன. சோதனைக்காகக் கொள்வது கருதுகோள். சோதனைகளைத் தாண்டி, பல உண்மைகளை ஒரே கயிற்றில் கட்டி விளக்குவது கோட்பாடு. அறிவியலுக்கு அதுவே பொருந்தும்.

உண்மைக்கும் கோட்பாட்டுக்கும் வேலை வேறு. பொருள்கள் கீழே விழுவது உண்மை. ஏன், எப்படி என்பதற்கு நியூட்டன் ஒரு விளக்கம் தந்தார், ஐன்ஸ்டைன் அதைவிட நல்ல விளக்கம் தந்தார். இடைப்பட்ட காலத்தில் தேங்காய் மரத்திலேயே தொங்கிக்கொண்டிருக்கவில்லை. பரிணாமக் கோட்பாடும் இப்படித்தான் செப்பனிடப்பட்டு வந்தது. பண்புகள் எப்படி வாரிசுக்குப் போகின்றன என்பது டார்வினுக்குத் தெரியாது. மெண்டல் 1866இல் பட்டாணிச் செடி ஆய்வை வெளியிட்டும், அது 1900இல்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. டாஃப்னே மேஜரில் தடித்த அலகைப் பிழைக்கவைத்தது போன்ற இயற்கைத் தேர்வையும் மரபியலையும் பின்னர் உயிரியலாளர் ஹால்டேன் முதலானோர் இணைத்தார்கள். மூலக்கூறு அளவில் நிகழும் மாற்றங்களில் பெரும்பாலானவை நன்மையும் தீமையும் அற்றவை என்று 1968இல் ஜப்பானிய மரபியலாளர் கிமுரா சொன்னார். தேர்வுக்கு எவ்வளவு பங்கு, தற்செயலுக்கு எவ்வளவு என்ற வாதம் ஓயவில்லை. மாற்றம் நடக்கிறதா என்பது அந்த வாதத்தில் கேள்வியே அல்ல.

நல்ல தமிழ்ச் சொல் எது? படிவளர்ச்சி, படிமலர்ச்சி என்ற ஆக்கங்கள் உண்டு. படியேற்றமும் வளர்ச்சியும் அவற்றில் பின்வாசல் வழியே திரும்பி வந்துவிடுவதால் எனக்கு ஒப்பவில்லை. இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'கூர்ப்பு' அழகான சொல். 'கூர்ப்பும் கழிவும் உள்ளது சிறக்கும்' என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது: ஏற்கெனவே உள்ள ஒன்று மிகுதல். புதிதாக ஒன்றும் வானத்திலிருந்து குதிக்கவில்லை, கூட்டத்தில் ஏற்கெனவே இருந்த தடித்த அலகு மிகுந்தது என்று பொருத்திப் பார்த்தால், டாஃப்னே மேஜரின் 1977ஆம் ஆண்டுக்கு இதைவிட நெருக்கமான சொல் எனக்குத் தெரியவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் கூர்ப்பு என்றால் கத்தியைத் தேடுவார்கள். அதனால் இங்கே எழுதும்போது வால் இல்லாத பரிணாமம், தேவைப்படும் இடத்தில் பரிணாமக் கோட்பாடு. யாழ்ப்பாணத்து மாணவருக்கு எழுதினால் கூர்ப்பு.