ஒரே லேத், இரண்டு தேய்மானக் கணக்கு

மிஷின் பழசாகப் பழசாக அதன் மதிப்பில் வருடாவருடம் செலவாகக் கழிக்கும் தொகைதான் தேய்மானம். கம்பெனி பேலன்ஸ் ஷீட்டில் ஒரு தேய்மானம், வருமான வரிக் கணக்கில் இன்னொரு தேய்மானம். முதன்முறை பார்ப்பவருக்கு ஆடிட்டர் எங்கோ தப்பு செய்துவிட்டார் என்றுதான் தோன்றும். தப்பில்லை. இரண்டு சட்டங்கள், இரண்டு கணக்கு.

கோவையில் ஒரு பிரைவேட் லிமிடெட் பட்டறை 10 லட்சத்துக்குப் புது லேத் (கடைசல் இயந்திரம்) வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி தனி. அதை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது கம்பெனி கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக எடுத்துக்கொண்டால் அந்தத் தொகைக்குத் தேய்மானம் கிடையாது.

2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, பொதுவான இயந்திரங்களுக்கு 15 ஆண்டு ஆயுள் தருகிறது. கடைசியில் மிஞ்சும் மதிப்பாக 5 சதவீதம், அதாவது 50,000 ஒதுக்கலாம். வருடாவருடம் ஒரே தொகை கழிக்கும் நேர்கோட்டு முறையில் மீதி 9,50,000-ஐ 15-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 63,333. இரண்டு ஷிப்ட் ஓடும் நாட்களுக்கு இது பாதி கூடும்; மூன்று ஷிப்ட் என்றால் இரட்டிப்பு.

வருமான வரியில் ஆயுள் கணக்கே இல்லை. ஒவ்வொரு வருடமும் மீதி மதிப்பில் கழிக்கும் குறைந்துசெல் மதிப்பு முறையில் 15 சதவீதம். முதல் வருடம் 1,50,000. அடுத்த வருடம் மீதி 8,50,000-க்கு மட்டும்தான், ஆகவே 1,27,500. மூன்றாம் வருடம் 1,08,375. ஆரம்பத்தில் நிறையக் கழியும், போகப் போகச் சுருங்கும். புது மிஷின் வாங்கி வட்டியும் தவணையும் கட்டும் காலத்தில் இது பெரிய ஆறுதல்.

பலரும் கோட்டை விடுவது தேதியில். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் முதல் வருடம் பாதி விகிதம், 75,000 மட்டுமே. பில் தேதி முக்கியமில்லை. மிஷின் வேலைக்கு வந்த நாள்தான் கணக்கு. சாதாரண வருடத்தில் அக்டோபர் 3-க்குள் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். மார்ச் கடைசியில் லாரியில் இறக்கி, கரண்ட் கனெக்‌ஷன்கூடக் கொடுக்காமல் ஷெட்டில் நிறுத்திவைத்தால் பாதியும் கிடைக்காது.

விலையை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கமாகப் போன தொகை, வருமான வரியில் தேய்மானம் கணக்கிடும் மிஷின் விலையில் சேராது.

'இந்த வருடம் நஷ்டம், தேய்மானத்தை அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம்' என்று சிலர் கேட்பார்கள். முடியாது. நீங்கள் கழிக்காவிட்டாலும் கழித்ததாகவே வரித்துறை எடுத்துக்கொண்டு மதிப்பைக் குறைத்துவிடும். கழித்தும் ஈடுகட்ட லாபம் இல்லாமல் நிற்கும் தேய்மானத்தை மட்டும் வருடக் கெடு இல்லாமல் முன்னே எடுத்துச் செல்லலாம்.