கம்பெனி மூடிட்டான், வண்டி நிக்குது: செத்த பேட்டரிக்குப் பதிலா என்ன வைக்கிறது?

டெல்டா பக்கம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏதாவது ஒரு வீட்டு வாசல்ல சாக்கு போட்டு மூடின எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒண்ணு நிக்கும். 250 வாட்டுக்குள்ள மோட்டார், 25 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாது, அதனால ரிஜிஸ்ட்ரேஷனும் வேணாம் லைசென்சும் வேணாம்னு புள்ளைங்க டியூஷன் போக, பெரியவங்க வயலுக்குப் போயிட்டு வர வாங்கினது. இப்ப அந்த மாடல் வர்றதில்லை, சில கம்பெனியே இல்லை, ஷோரூம் இருந்த எடத்துல ஜவுளிக்கடை வந்துடுச்சு. மோட்டார் நல்லா இருக்கும், டயர் கூட தேஞ்சிருக்காது, ஆனா மெக்கானிக்கு "பேட்டரி கிடைக்காதுங்க, எடைக்குப் போட்டுடுங்க"ன்னு சொல்லிடுவாரு. அவர் சொல்றது பாதி உண்மை. அந்தக் கம்பெனி பேரு போட்ட பெட்டி இனி கிடைக்காதுதான். உள்ள இருக்குற செல்லு எங்கேயும் கிடைக்கும்.

லித்தியம் பேக்கைப் பிரிச்சுப் பார்த்தா பெரும்பாலும் விரல் பருமன்ல உருளை செல்லா அடுக்கியிருக்கும். அதுக்குப் பேரே 18650, அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். ஒரு செல்லு சராசரியா 3.6 வோல்ட், ஃபுல் சார்ஜ்ல 4.2. இப்படி 13 வரிசை தொடரா சேர்ந்தா கிட்டத்தட்ட 48 வோல்ட், ஃபுல்லா ஏறினா 54.6. ஒவ்வொரு வரிசையிலயும் எத்தனை செல்லை இணையா போடுறாங்களோ அந்த அளவுக்கு ஆம்ப் அவர், அதாவது பேட்டரியோட கொள்ளளவு கூடும். கூடவே பிஎம்எஸ்னு, அதாவது பேட்டரி மேனேஜ்மென்ட் சிஸ்டம்னு ஒரு போர்டு. அது ஒவ்வொரு வரிசையோட வோல்ட்டையும் தனித்தனியா பார்த்துக்கிட்டே இருக்கும், ஏதாவது ஒண்ணு எல்லை தாண்டினா மொத்தத்தையும் கட் பண்ணிடும்.

இங்கதான் நிறைய பேரு ஏமாந்து போறாங்க. நீடாமங்கலம் பக்கம் ஒரு கடையில பிரிச்சுப் போட்ட பேக்கை மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தப்போ 12 வரிசை 3.6 வோல்ட்டுக்குப் பக்கத்துல அழகா நிக்குது, ஒரே ஒரு வரிசை மட்டும் 2.2. செல்லு பக்கம் மொத்தமா வச்சுப் பார்த்தா 45 வோல்ட் காட்டுது, வெளிய வர்ற வயர்ல வச்சா ஒண்ணுமே இல்லை, ஏன்னா அந்த ஒரு வரிசைக்காக பிஎம்எஸ் கதவைச் சாத்திடுச்சு. வண்டிக்காரரைப் பொறுத்தவரைக்கும் பேட்டரி செத்துப் போச்சு, உள்ள பார்த்தா பெரும்பகுதி உயிரோடதான் இருக்கு. அதுக்காக அந்த ஒரு வரிசையை மட்டும் புதுசா மாத்திட்டு மூடலாமான்னா, எனக்கு அதுல உடன்பாடு இல்லை. பழசும் புதுசும் ஒரே வேகத்துல இறங்காது, கொஞ்ச மாசத்துலயே அடுத்த வரிசை படுத்துடும், மறுபடி பெட்டியைப் பிரிக்கணும். மாத்துனா முழுசா மாத்துறதுதான் சரி.

சரி, செல்லு ஏன் சாகுது? லித்தியம் செல்லுல நெகட்டிவ் பக்கம் கிராஃபைட்டு மேல முதல் சார்ஜ்லயே மெல்லிசா ஒரு படலம் உண்டாகும். அது இருந்தாதான் செல்லு ஒழுங்கா வேலை செய்யும், ஆனா அந்தப் படலம் நாளாக நாளாக தடிச்சுக்கிட்டே போகும், போகப் போக லித்தியத்தைத் தின்னும். ரெண்டு விளைவு: கொள்ளளவு குறையுது, உள் தடை, அதாவது செல்லுக்குள்ளேயே கரண்ட்டுக்கு இருக்குற தடை கூடுது. இதுக்குச் சூடு ரொம்பப் பிடிக்கும். சித்திரை வெயில்ல தகர ஷெட்டுக்கு அடியில ஃபுல் சார்ஜோட நிக்கிற வண்டி, ஒரு கிலோமீட்டர் ஓடலைன்னாலும் கிழடாயிட்டுதான் இருக்கும்.

கொள்ளளவு குறைஞ்சா தூரம் குறையும், அது எல்லாருக்கும் புரியும். உள் தடைதான் வேடிக்கை காட்டும். நம்ம ஊரு தட்டை நிலம், ஏத்தம்னு சொல்லணும்னா ஆத்துப் பாலம் மட்டும்தான், வெண்ணாறு, அரசலாறு, பாமணியாறுன்னு எங்க போனாலும் ஒரு பாலம் ஏறித்தான் ஆகணும். சமதரையில 5, 6 ஆம்ப் இழுக்குற வண்டி பாலம் ஏறும்போது 20 ஆம்ப் வரைக்கும் கேட்கும். புது பேக்கோட உள் தடை 0.1 ஓம்னு வச்சுக்குங்க, 20 ஆம்ப்ல 2 வோல்ட் இறங்கும், தெரியவே தெரியாது. பழசாகி 0.3 ஓம் ஆயிடுச்சுன்னா 6 வோல்ட் இறங்கும், 46ல இருந்தது 40க்கு வந்துடும், மோட்டாருக்குக் கரண்ட்டை அளந்து விடுற 48 வோல்ட் கண்ட்ரோலர் பல வண்டியில 40, 42லயே கட் பண்ணிடும். பாலத்து நடுவுல வண்டி நின்னுடும். இறங்கித் தள்ளிக்கிட்டுப் போயி அந்தப் பக்கம் ஆன் பண்ணினா ஒண்ணும் நடக்காத மாதிரி ஓடும், ஏன்னா கரண்ட் இழுக்காதப்போ வோல்ட் திரும்ப ஏறிடும். இதை வயரிங் ஃபால்ட்டுன்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை மாத்தினவங்க, சுவிட்சை மாத்தினவங்க எத்தனையோ பேரு.

இன்னொரு சாவு இருக்கு, அதுதான் ஆபத்தானது. ஸ்பேர் வரும் வரும்னு வண்டியை மாசக்கணக்கா நிறுத்தி வச்சிருப்பாங்க. பிஎம்எஸ் துளித்துளியா கரண்ட் குடிச்சுக்கிட்டே இருக்கும், செல்லு 2 வோல்ட்டுக்கும் கீழ போயி அப்படியே கிடக்கும். ரொம்ப கீழ இறங்கிட்டா கிராஃபைட்டு ஒட்டியிருக்குற செம்புத் தகடு கரைய ஆரம்பிச்சுடும். அப்புறம் யாராவது நேரடியா கரண்ட் கொடுத்து "எழுப்பி" விட்டா அந்தச் செம்பு வேற எடத்துல போயி படிஞ்சு, நாளைக்கு உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகுறதுக்கு வழி பண்ணிடும். யூடியூப்ல பார்க்க நல்லா இருக்கும், ராத்திரி வீட்டுக்குள்ள சார்ஜ் போட்டுட்டுத் தூங்குற பேட்டரியில அதைச் செய்யாதீங்க.

இப்ப மாத்துற கதை. முதல்ல உங்க வண்டி எந்தக் கெமிஸ்ட்ரின்னு பாருங்க. குறைஞ்ச விலை வண்டி பலதுல லித்தியமே இருக்காது, 12 வோல்ட் லெட் ஆசிட் நாலு தொடரா இருக்கும், தூக்கிப் பார்த்தாலே தெரியும், நாலும் சேர்ந்து 30 கிலோ பக்கம் வரும். அதே மாதிரி நாலு வாங்கிப் போட்டுடலாம், எங்கேயும் கிடைக்கும், கண்ட்ரோலர் எதுவும் கேட்காது. லித்தியத்துக்கு மாறணும்னா நம்ம சூட்டுக்கு எல்எஃப்பி, அதாவது லித்தியம் அயன் பாஸ்பேட்தான் என் சாய்ஸ். செல்லுக்கு 3.2 வோல்ட், 16 வரிசைக்கு 51.2, ஃபுல்லா 58.4. லெட் ஆசிட் வேலை செஞ்ச அதே வோல்ட் வீச்சுக்குள்ள வந்துடும். சூட்டுல தீப்பிடிக்கிற குணமும் மத்த லித்தியத்தை விட கம்மி. ஒரே தொல்லை, எல்எஃப்பி கடைசி வரைக்கும் ஒரே வோல்ட்ல நின்னுட்டு திடீர்னு விழும், அதனால டேஷ்போர்டுல இருக்குற பழைய பேட்டரி மீட்டர் ஃபுல் ஃபுல்னு காட்டிட்டே வந்து ஒரேயடியா கையை விரிச்சிடும்.

சார்ஜர் விஷயத்துல விளையாடக் கூடாது. "ரெண்டும் 48 தானே"ன்னு பழைய லெட் ஆசிட் சார்ஜரையே கொடுத்து அனுப்புறவங்க உண்டு. அந்தச் சார்ஜர் 58, 59 வோல்ட் வரைக்கும் ஏத்தும், 13 வரிசை பேக்கு 54.6ல நிறுத்தணும். பிஎம்எஸ் காப்பாத்தும்தான், ஆனா பிஎம்எஸ் கடைசி காவல், அதை தினமும் வேலைக்கு அனுப்பக் கூடாது. பேக்குக்குன்னு உள்ள சார்ஜரை, மேல எழுதியிருக்குற வோல்ட்டைப் படிச்சு, மல்டிமீட்டர்ல ஒரு தடவை அளந்துட்டு வாங்குங்க.

இவ்வளவும் ரெண்டு தடி வயரு மட்டும் வர்ற பேட்டரிக்கு. உங்க பேட்டரி கனெக்டர்ல ரெண்டு தடி பின்னுக்குப் பக்கத்துல மெல்லிசா ரெண்டு மூணு பின் இருந்தா கதை மாறும். அது டேட்டா. பாஷ் கம்பெனி 1986ல காருக்காகக் கொண்டுவந்த, கேன் பஸ்ங்கிற தகவல் பாதையோ அது மாதிரி வேற ஏதோ ஒண்ணோ வழியா பேட்டரியும் கண்ட்ரோலரும் பேசிக்கும். வண்டியை ஆன் பண்ணினதும் கண்ட்ரோலர் கேட்கும், பேட்டரி சரியான பதில் சொல்லலைன்னா 52 வோல்ட் நேரா வந்து நின்னாலும் மோட்டாருக்கு ஒண்ணும் போகாது. கம்பெனி போயிட்டா அந்தப் பாஷையும் கூடவே போயிடுது, என்னைக் கேட்டா எலக்ட்ரிக் வண்டி உலகத்துல நடக்குற பெரிய அநியாயம் இதுதான்.

இதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு, பழைய பிஎம்எஸ் போர்டை அப்படியே வச்சுக்கிட்டு செல்லை மட்டும் மாத்துறது. செல்லுல நேரா ஈயம் வச்சு சால்டரிங் பண்ணாம நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் பண்ணணும், சால்டரிங் சூடு செல்லைக் கெடுக்கும். சில போர்டு பவர் போன உடனே நிரந்தரமா பூட்டிக்கும், சிலது சும்மா சார்ஜர் குத்தினா முழிச்சுக்கும், பிரிக்கறதுக்கு முன்னாடி உங்க போர்டு எந்த ரகம்னு தெரிஞ்சவங்ககிட்ட கேட்டுக்கிறது நல்லது. இன்னொண்ணு, கண்ட்ரோலரையே தூக்கிட்டு கடையில கிடைக்கிற சாதா கண்ட்ரோலர் போடுறது. மோட்டார்ல இருந்து மூணு தடி வயரும் மோட்டார் எந்த நிலையில சுத்துதுன்னு சொல்ற ஹால் சென்சாருக்கு அஞ்சு மெல்லிசு வயரும் வரும். கலர் பார்த்து மாட்டினா சில நேரம் சக்கரம் உதறும் இல்லை பின்னாடி சுத்தும், அது கெட்டுப் போனதில்லை, வயர் வரிசை மாறியிருக்கு, மாத்தி மாட்டினா ஓடும். டிஸ்ப்ளே வேலை செய்யாது, தனியா ஒரு வோல்ட் மீட்டர் வச்சுக்கலாம், எனக்கு அதுல வருத்தமே இல்லை.

பெட்டி எங்க உக்காருதுன்னும் பாருங்க. ஃபுட்போர்டுக்கு அடியில வர்ற வண்டியா இருந்தா ஐப்பசி, கார்த்திகையில தெருவுல முழங்கால் தண்ணி நிக்கும்போது பேட்டரிதான் முதல்ல குளிக்கும். ஐபி67ன்னு போட்டிருந்தா 1 மீட்டர் தண்ணியில 30 நிமிஷம் தாங்கணும்னு அர்த்தம், கையால செஞ்ச பேக்குக்கு அந்த உத்தரவாதம் எல்லாம் கிடையாது, முடிஞ்சா சீட்டுக்கு அடியில ஏத்திடுங்க. நாகப்பட்டினம், வேளாங்கண்ணி பக்கம்னா உப்புக் காத்து கனெக்டரைப் பச்சையா பூக்க வைக்கும், அப்பப்ப கழட்டித் துடைங்க.

புது பேக்கை முதல் சில தடவை பாதியில எடுக்காம பச்சை லைட் வந்த பிறகும் கொஞ்ச நேரம் விட்டுடுங்க, ஏன்னா பெரும்பாலான பிஎம்எஸ் வரிசையெல்லாம் சமம் பண்ற வேலையை ஃபுல்லுக்குப் பக்கத்துல வந்தப்புறம்தான் ஆரம்பிக்கும். பழைய லெட் ஆசிட்டை எடைக்கு எடுத்துக்க ஆளு இருக்கு, பழைய லித்தியத்துக்கு அந்த அளவு மவுசு இல்லைன்னு குப்பை மேட்டுல வீசிடாதீங்க, குப்பைக்குத் தீ வைக்கிற எடத்துல அது வெடிக்கும். முனையில டேப் ஒட்டி, புது பேக்கு வாங்குற கடையிலயே திருப்பிக் கொடுங்க. 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி அதைத் திரும்பச் சேகரிக்கிறது தயாரிப்பாளரோட பொறுப்பு.