நெற்றியில் ஈரத்துணி போட்டால் மூளைச் சூடு இறங்காது

கத்திரி வெயில் நாட்களில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஹீட் ஸ்ட்ரோக்கில் ஆளைத் தூக்கி வருபவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் செய்திருப்பார்கள்: நெற்றியில் ஈரக் கர்ச்சீப். சட்டை பட்டன் கழுத்துவரை போட்டபடியே இருக்கும். பெல்ட், ஷூ எதையும் கழற்றியிருக்க மாட்டார்கள். பதற்றத்திலும் அக்கறையோடு செய்ததுதான். ஆனால் அந்தக் குளிர்ச்சி மண்டையோட்டைத் தாண்டி உள்ளே போவதில்லை.

மூளை நம் உடல் எடையில் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. அங்கே பிறக்கும் வெப்பத்தை வெளியே கொண்டுபோவது ரத்தம். ரத்தமே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மூளை தவிக்கும். ஆகவே மூளையைக் காப்பாற்ற உடம்பு முழுவதையும் குளிர்விக்க வேண்டும். அதற்கு ஊசியும் வேண்டாம், குழாயும் வேண்டாம்.

வெயிலில் நின்றவர் குழறினாலோ, உளறினாலோ, மயங்கினாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். வியர்க்கிறதே, ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள். உடலுழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை கொட்டும். நிழலுக்குக் கொண்டுபோய், உடையைக் களைந்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, பக்கத்திலேயே ஃபேனை வேகமாக ஓடவிடுங்கள். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 80 கலோரி வெப்பத்தை இழுக்கும். அதே ஒரு கிராம் தண்ணீர் தோலிலிருந்து ஆவியானால் 580 கலோரி அளவுக்கு இழுத்துக்கொண்டு போகும். சென்னையில் சிக்கல் புழுக்கம்தான். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. அதனால் இங்கே ஐஸும் வேண்டும்: துணியில் சுற்றி, கழுத்தின் இருபுறமும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வையுங்கள்.

கட்டட வேலை நடக்கும் இடமென்றால் இதைவிட நல்ல வழி உண்டு. ஆளைத் தார்ப்பாயில் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐஸ் தண்ணீரை ஊற்றி மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலை தண்ணீருக்கு மேலே இருக்கட்டும்.

பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். காய்ச்சலில் மூளையே சூட்டை ஏற்றி வைக்கிறது, அதை அந்த மாத்திரை இறக்கும். வெயில் ஏற்றிய சூட்டில் அதற்கு வேலையில்லை. நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீரோ இளநீரோ ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும்.

அரை மணி நேரத்துக்குள் 39 டிகிரிக்குக் கீழே கொண்டுவர வேண்டும். கத்திப்பாரா நெரிசலில் ஆட்டோவிலேயே அந்த அரை மணி போய்விடும். அதனால் மேஸ்திரிகளையும் சூப்பர்வைசர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: ஐஸ் பெட்டியும் தார்ப்பாயும் சைட்டிலேயே இருக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர்விக்கத் தொடங்குங்கள். வண்டியில் ஏற்றிய பிறகும் நிறுத்தாதீர்கள்.