டிஜிட்டல் லிட்டரசி: விரலில் பிறந்த சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

வேலூரில் செவிலியர் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். கொஞ்ச நாள் முன்பு, மாணவிகளுக்கும் வார்டு ஊழியர்களுக்கும் சேர்த்து நடக்கவிருந்த ஒரு பயிற்சியின் அறிவிப்பைத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டும் வேலை எனக்கு வந்தது. கையில் கிடைத்த தாளில் 'டிஜிட்டல் லிட்டரசி' என்று இருந்தது. யோசிக்காமல் 'கணினி அறிவுப் பயிற்சி' என்று எழுதி ஒட்டிவிட்டேன். அன்று மாலையே மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி வந்தாள். "மேடம், நான் கம்ப்யூட்டர் டிப்ளமோ முடிச்சிருக்கேன். டைப்பிங் லோயர் பாஸ். நானும் வரணுமா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. நான் எழுதிய சொல்தான் தப்பு; கணினியை இயக்குவதோடு, அதில் வரும் தகவலை எடைபோடுவதும் சேர்ந்ததுதான் அந்தப் பயிற்சி. அந்தச் சொல்லைத் திருத்தப் போனபோது தெரிந்துகொண்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிஜிட்டல் என்ற சொல்லுக்கு வேர் லத்தீன் மொழியின் 'டிஜிட்டஸ்'. அதற்கு விரல் என்று பொருள். விரல் விட்டு எண்ணியதால் ஒன்று முதல் ஒன்பது வரையான எண்களுக்கு 'டிஜிட்' என்ற பெயர் வந்தது. நாமும் குறைவான எண்ணிக்கையைச் சொல்ல 'விரல் விட்டு எண்ணிவிடலாம்' என்றுதானே சொல்கிறோம்! கருவிகளோடு இந்தச் சொல் ஒட்டிக்கொண்டது மிகவும் பிந்தி. 1942-இல், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளைக் குறிபார்க்க உதவும் மின்கருவிகளுக்கு என்ன பெயர் வைப்பது என்று அமெரிக்காவில் பேச்சு வந்தது. அவை விட்டுவிட்டு வரும் மின்துடிப்புகளால் இயங்கியதால், நாடித்துடிப்புக்கும் வழங்கும் 'பல்ஸ்' என்ற சொல்லால் குறித்துவந்தார்கள். ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் என்ற கணித அறிஞர், அதைவிட 'டிஜிட்டல்' பொருந்தும் என்றார். துடிப்பு போய் விரல் வந்தது இப்படித்தான். நாடி பார்க்கும் தொழிலில் இருப்பவளுக்கு இந்தச் செய்தி எவ்வளவு பிடித்துப்போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவத்தில் விரல் இன்னும் விரலாகவே இருக்கிறது. 'டிஜிட்டல் எக்ஸாமினேஷன்' என்றால் கையுறை போட்டு விரலால் தொட்டுப் பார்ப்பது. முதலாண்டு மாணவிகள் ஏதோ புது மெஷின் என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். இதய நோயாளிகளுக்குக் கொடுக்கும் டிஜாக்சின் மாத்திரையும் இதே வேரில் வந்ததுதான். ஃபாக்ஸ்குளோவ் என்னும் செடியின் பூ, தைக்கும்போது விரலில் மாட்டிக்கொள்ளும் கவசம் போல இருக்கும். அதற்கு 1542-இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபுக்ஸ் 'டிஜிட்டாலிஸ்' என்று பெயரிட்டார். உடம்பில் நீர்கோத்து வீங்கியவர்களுக்கு அந்தச் செடியின் இலை எப்படி உதவுகிறது என்பதை 1785-இல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் எழுதி வெளியிட்டார். அந்த மருந்தின் வாரிசுதான் இன்றைய டிஜாக்சின். நம் வார்டுகளில் வழக்கமாகப் பார்க்கும் மாத்திரை 0.25 மில்லிகிராம். குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அந்தப் புள்ளி ஓரிடம் தள்ளி விழுந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

இனி லிட்டரசி. 'லிட்டெரா' என்றால் எழுத்து. ஆங்கிலத்தில் எழுதப்படிக்கத் தெரியாமையைக் குறிக்கும் 'இல்லிட்டரசி' பதினேழாம் நூற்றாண்டிலேயே இருந்தது; 'லிட்டரசி' என்ற சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் வந்தது. குறையைச் சொல்ல முதலில் சொல் பிறந்திருக்கிறது, நிறையைச் சொல்லப் பிறகு. தமிழில் நமக்கு 'எழுத்தறிவு' என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கத்தில் இருக்கும் சொற்களைப் பாருங்கள்: தற்குறி, கைநாட்டு. கையெழுத்துப் போடத் தெரியாதவர் இட்ட குறியும், மையில் தோய்த்து ஒற்றிய பெருவிரலும், காலப்போக்கில் ஆளையே ஏசும் சொற்களாகிவிட்டன. அண்மைக் காலம் வரை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியரும் காலையில் வருகைப்பதிவுக் கருவியில் விரலை வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்.

இதை ஒரு காரணத்தோடுதான் சொல்கிறேன். 'டிஜிட்டல் எழுத்தறிவு' என்பதுதான் இப்போது பத்திரிகைகளில் அதிகம் புழங்குகிறது. அதை ஏற்றால், கூடவே 'டிஜிட்டல் எழுத்தறிவு இல்லாதவர்' என்ற பட்டமும் வந்துவிடும். எனக்குத் தெரிந்த மூத்த சிஸ்டர் ஒருவர் இருபத்தைந்து வருஷமாக வார்டு பார்ப்பவர். ஆபரேஷன் முடிந்து வந்த நோயாளியின் முகத்தைப் பார்த்தே 'இவருக்கு உள்ளே ரத்தம் கசியுது, டாக்டரைக் கூப்பிடு' என்று சொல்லக்கூடியவர். காகித கேஸ் ஷீட் போய்க் கணினித் திரை வந்த வாரத்தில், வயதில் பாதிகூட இல்லாத ஒரு பையன் எல்லார் எதிரிலும் "உங்களுக்கு இது கூடத் தெரியாதா" என்று அவரைக் கேட்டுவிட்டான். அவர் பேசாமல் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அப்புறம் பல நாள் தன் லாகினை மாணவிகளிடம் கொடுத்து "என்ட்ரி போட்டுடும்மா" என்று சொல்லிவிடுவார். வெட்கப்பட்டவர் கற்றுக்கொள்ள மாட்டார், மறைத்துக்கொள்வார். வார்டில் ஒருவருடைய கடவுச்சொல் பத்துப் பேர் வாயில் புரள்வதற்குப் பாதிக் காரணம் இந்த வெட்கம்தான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பிரிட்டனிலும் இந்தச் சொல் மாறத்தான் செய்திருக்கிறது. அங்கே சுகாதாரக் கல்வியைக் கவனித்த அரசு அமைப்பும் செவிலியருக்கான ராயல் கல்லூரியும் சேர்ந்து, ஊழியர்களுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு சட்டகம் வகுத்தன. அதில் 'லிட்டரசி'யோடு திறனைக் குறிக்கும் 'கேபபிலிட்டி' என்ற சொல்லும் முன்னுக்கு வந்தது. மொத்தம் ஆறு பகுதிகள். தொடர்பு கொள்வதும் சேர்ந்து வேலை செய்வதும், கற்பதும் கற்பிப்பதும், தகவலையும் தரவையும் எடைபோடுவது, புதிதாக ஆக்குவதும் ஆய்வதும், தன் அடையாளத்தையும் நலத்தையும் பாதுகாப்பையும் பேணுவது, அப்புறம் கருவியை இயக்குவது. என் பலகையில் நான் எழுதிய 'கணினி அறிவு' இந்த ஆறில் கடைசி ஒன்று மட்டும்தான்.

தகவலை எடைபோடும் பகுதிக்குத் தனி வரலாறு உண்டு. 1974-இல் பால் சுர்கோவ்ஸ்கி என்ற அமெரிக்கர் 'இன்ஃபர்மேஷன் லிட்டரசி' என்ற தொடரை முதலில் கையாண்டார். 1989-இல் அமெரிக்க நூலகச் சங்கம் அதற்கு வரையறை தந்தது: தகவல் எப்போது தேவை என்று உணர்ந்து, அதைக் கண்டுபிடித்து, மதிப்பிட்டு, சரியாகப் பயன்படுத்தும் திறமை. 'டிஜிட்டல் லிட்டரசி'யை 1997-இல் பால் கில்ஸ்டர் என்ற அமெரிக்க எழுத்தாளர் தன் நூலின் தலைப்பாக்கிப் பரப்பினார். விசைகளைத் தட்டுவதில் அது இல்லை, கருத்துகளைப் பிடிப்பதில் இருக்கிறது என்பதுதான் அவரும் சொன்னது. இணையம் பெரிதாவதற்கு முன்பே நூலகர்கள் கண்ட விஷயம் இது.

வேலூருக்கு இது புதுசு இல்லை. மருத்துவ ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி, சலித்து, எதை நம்பலாம் என்று சொல்லும் காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையம் நம்ம ஊர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், அதாவது சி.எம்.சி.யில் அமைந்தது. 1900-இல் ஐடா ஸ்கடர் என்ற மருத்துவர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய இடம் அது. 1946-இல் செவிலியர் பட்டப்படிப்பைத் தொடங்கியதும் அங்கேதான். காகிதத்தில் சலித்த கைகள் இப்போது திரையில் சலிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சலிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். வெறும் வயிற்றில் சர்க்கரை எவ்வளவுக்கு மேல் போனால் நீரிழிவு என்று ஒரு கேள்வி கேட்டேன். ஒருத்தி போனில் தேடி "ஏழு" என்றாள். இன்னொருத்தி "126" என்றாள். இருவரும் சண்டைக்கே போய்விட்டார்கள். உண்மையில் இரண்டும் ஒன்றே. முதலாமவள் பார்த்தது பிரிட்டிஷ் பக்கம். அங்கே மில்லிமோல் என்ற அலகில் கணக்கு. நாம் மில்லிகிராம் கணக்கில் எழுதுகிறோம். ஏழைப் பதினெட்டால் பெருக்கினால் 126. இருவருமே எண்ணைப் பார்த்தார்கள், அலகைப் பார்க்கவில்லை, யார் யாருக்காக எழுதிய பக்கம் என்றும் பார்க்கவில்லை. இன்சுலின் சீட்டில் 10-க்குப் பக்கத்தில் ஆங்கில 'யு' எழுத்தை நெருக்கி எழுதினால் அது இன்னொரு சைபராகத் தெரிந்து 100 ஆகிவிடும் என்பதால்தான் 'யூனிட்' என்று முழுதாக எழுதச் சொல்கிறோம். இந்தப் பதற்றம் திரைக்கு வந்ததும் பலருக்குப் போய்விடுகிறது. கம்ப்யூட்டரில் இருந்தால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை.

அதனால்தான் எழுத்தறிவு என்பதற்குப் பதிலாக நான் 'தேர்ச்சி' என்ற சொல்லை எடுக்கிறேன். தேர்தல் என்றால் ஆராய்தல், ஆராய்ந்து பொறுக்கி எடுத்தல். அதிலிருந்து வந்த தேர்ச்சிக்கு ஆராய்ச்சி என்ற பொருளும் உண்டு, பழகிப் பெற்ற திறமை என்ற பொருளும் உண்டு. தகவலை எடைபோடுவதும் கருவியைக் கையாள்வதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொல் வேண்டியிருக்கிறது. வள்ளுவர் இதன் ஆபத்தை இரண்டு பக்கமும் சொல்லிவிட்டார்: 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.' ஆராயாமல் நம்புவது ஒரு துன்பம். ஆராய்ந்து தெளிந்த பிறகும் சந்தேகப்படுவது இன்னொரு துன்பம். குறள் ஆளைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் வந்த மருந்தளவை அப்படியே நம்பும் மாணவிக்கும், சோதித்து நிலைநிறுத்திய மென்பொருளை நம்பாமல் எல்லாவற்றையும் நோட்டிலும் இன்னொரு முறை எழுதும் சிஸ்டருக்கும் இது அப்படியே பொருந்துகிறது.

'தேர்ச்சி என்றால் பரீட்சையில் பாஸ் ஆவதுதானே' என்று சக ஆசிரியை கேட்டார். நியாயமான கேள்வி. பள்ளி மதிப்பெண் பட்டியல் அந்தச் சொல்லை அப்படிக் குறுக்கிவிட்டது. ஆனாலும் 'கைதேர்ந்த ஆள்' என்று குடியாத்தத்து நெசவாளரையும் ஆம்பூர் பிரியாணி மாஸ்டரையும் இன்றும் சொல்கிறோமே. அந்தக் கை எந்தப் பரீட்சையும் எழுதியதில்லை.

டிஜிட்டலுக்கு வருவோம். தமிழில் இதற்கு நாலைந்து சொற்கள் போட்டி போடுகின்றன. இலங்கையில் கதவு எண்ணையே 'இலக்கம்' என்று சொல்வதால், அங்கே 'இலக்கமுறை' இயல்பாக ஒலிக்கிறது. சிங்கப்பூரில் 'மின்னிலக்கம்' என்கிறார்கள். நமக்கு இலக்கு என்றால் குறிக்கோள் நினைவுக்கு வந்துவிடுகிறது. 'எண்மம்' என்பதில் எட்டும் எட்டிப் பார்க்கும். எண்மர் என்றால் எட்டுப் பேர். 'மின்னணு' எலெக்ட்ரானிக்கைக் குறிக்கும், அது வேறு. எனக்குப் பிடித்தது 'எண்ணிமம்'. எண்ணுதல் என்றால் கணக்கிடுதல், எண்ணுதல் என்றால் நினைத்துப் பார்த்தல். லத்தீன் விரல் வெறுமனே எண்ணியது. தமிழ் வேர் எண்ணி, எண்ணியும் பார்க்கிறது.

ஆக, எண்ணிமத் தேர்ச்சி. தகவல் பகுதியை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டுமானால் தகவல் தேர்ச்சி. 'டேட்டா'வுக்குத் தரவு என்று யாரோ முன்பே அழகாக வைத்துவிட்டார்கள். 'டேட்டம்' என்றால் லத்தீனில் தரப்பட்டது, தமிழில் தருவது தரவு. கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றுதான் பெயர்.

ஆனால் அந்தத் தரவைத் தருவது யார்? அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, பாலாம்பட்டு போன்ற மலைக் கிராமங்களில் ஒரு கர்ப்பிணி தன் கடைசி மாதவிடாய்த் தேதியை மாட்டுப் பொங்கலுக்கு முன்னால், பின்னால் என்றுதான் நினைவு வைத்திருப்பார். அதைக் காலண்டரில் எண்ணித் தேதியாக்குவது கிராம சுகாதாரச் செவிலியர். சிக்னல் கிடைக்காவிட்டால் நோட்டில் எழுதிக்கொண்டு, கீழே இறங்கி ஒடுகத்தூர் பக்கம் வந்ததும் கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசின் பிக்மி இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அந்தத் தேதி ஒரு மாதம் பிசகினால் பிரசவத் தேதியும் ஸ்கேன் கணக்கும் எல்லாம் பிசகும். அவரை எண்ணிமத் தேர்ச்சி இல்லாதவர் என்று எவர் சொல்ல முடியும்? அவருக்கு இல்லாதது டவர்.

அறிவிப்பைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மேலே 'எண்ணிமத் தேர்ச்சிப் பயிற்சி', கீழே சின்ன எழுத்தில் 'டிஜிட்டல் லிட்டரசி'. டிப்ளமோ முடித்த மாணவியும் வந்தாள், மூத்த சிஸ்டரும் வந்தார். திரையில் டிஜாக்சின் 2.5 மில்லிகிராம் என்று வேண்டுமென்றே தப்பாகப் போட்ட ஒரு மருந்துப் பட்டியலைக் காட்டி, "அடுத்து என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். மாணவி மவுஸை எடுத்து, 'கொடுத்தாச்சு' என்ற கட்டத்தில் டிக் போடப் போனாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "இரும்மா. பத்து மாத்திரையா கொடுப்பாங்க? முதல்ல டாக்டருக்கு போன் போடு. அதுக்குள்ள நான் பல்ஸ் எண்ணிடுறேன்" என்றார். பிறகு மாணவியின் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பதிவைத் திரையில் எப்படி நிறுத்தி வைப்பது என்று அவளிடமே கேட்டுக் கற்றுக்கொண்டார்.